பழைய ரயில் நிலையக் கட்டிடம்: மதிப்பிடும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று ஆரம்பித்துவிடுவார். இல்லை. 1853 ஏப்ரல் 16-ஆம் தேதியே பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்குப் பயணி ரயில் ஓடிவிட்டது. ராயபுரம் திறந்தது 1856-ல். அந்த ஜூலையில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் சேவை. போரிபந்தரிலும் தானேயிலும் அன்று இருந்த கட்டிடங்கள் இன்று கிடையாது. ராயபுரத்துக் கட்டிடம் நிற்கிறது. அதன் பெருமை அதுதான். "முதல்" என்று தப்பாகச் சொல்லிவைத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் 1853-ஐ எடுத்து நீட்டியதும் நம்முடைய மீதி வாதமும் எடுபடாமல் போய்விடும்.

ஒரு கட்டிடத்துக்கு ஒரே வருஷத்தை ஒட்டிவைப்பதும் தவறுதான். சென்னை சென்ட்ரல் 1873-ல் திறந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த திட்டத்தில் பின்னால் ராபர்ட் சிஸம் கைவைத்தார். நம் கண்ணில் முதலில் படும் மணிக்கூண்டு 1873-ல் இல்லை, பிறகு எழுந்தது. "அசல் நிலைக்கே கொண்டுபோகிறோம்" என்று யாராவது சொன்னால், எந்த அசல் என்று கேளுங்கள்.

வருஷம் தேடப் போய் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்டேஷன்களில் பிளாட்பார கூரையைத் தாங்கும் கம்பங்கள் பல, உண்மையில் பழைய தண்டவாளங்கள். அதன் பக்கவாட்டில் பெயிண்ட் அடுக்குகளுக்குக் கீழே விரலால் தடவினால் எழுத்துகள் புடைத்து நிற்கும்: தயாரித்த ஆலையின் பெயர், உருட்டிய வருஷம். கிடைத்தது ஆதாரம் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பாதையில் தேய்ந்து கழற்றப்பட்ட தண்டவாளத்தைத்தான் பெரும்பாலும் கம்பமாக நட்டார்கள். அந்த வருஷம் இரும்பின் பிறந்த வருஷம், கட்டிடத்தினுடையது அல்ல. ஆனாலும் அந்த எழுத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிட்டுப் புது பெயிண்ட் அடிப்பது பெரிய பாவம்.

இதையெல்லாம்விடப் பெரிய நாசம் சிமெண்டால் வருகிறது, அதுவும் நல்லெண்ணத்தோடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் அதை விடும். மேலே இருப்பது சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும்வரை இது தானாக நடக்கும். பூச்சு உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசி, பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அதிலுள்ள உப்பு செங்கலுக்குள் படிகமாகிப் பருக்கும்போது செங்கல் பொரிந்து மாவாகக் கொட்டும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். வெளியே இரண்டு மூன்று வருஷம் புதுசு போலத் தெரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சு தனியாக, சுவர் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். சுவர் சுண்ணாம்பு என்றால் பழுதும் சுண்ணாம்பிலேதான் பார்க்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும் இதே கதை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பது வழக்கம். ஒழுகுகிறது என்று அதன் தலையில் நாலு அங்குல கான்கிரீட் போடுகிறவர், உத்தரத்தின் மேல் சுமையை ஏற்றுகிறார். ஒழுகலையும் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறார். உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஆர்வமும் உண்டு: பூச்சை முழுக்கச் சுரண்டி, "செங்கல் தெரிந்தால்தான் பாரம்பரியம்" என்பது. பூச்சுக்குள் மறைந்திருக்கவென்றே வைத்த செங்கல், மழையில் நிற்கச் சுட்டதல்ல.

பாரம்பரியக் கட்டிடம் என்றால் பூட்டிவைத்து மியூசியம் ஆக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்தைப் பார்க்கலாம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்றும் லோக்கல் ரயிலுக்கு அங்கே கூட்டம் முண்டியடிக்கிறது. ஆள் புழங்கும் கட்டிடத்தில் ஒழுகல் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிய கட்டிடத்தில் சுவரில் அரசமரம் முளைத்த பிறகுதான் தெரியும்.

பழைய ஸ்டேஷனைக் காப்பாற்றச் சொல்லி மனு எழுதுகிறவர்கள் நகராட்சிக்கும் கலெக்டருக்கும் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சொத்து ரயில்வேயினுடையது, கோட்ட ரயில்வே மேலாளருக்குப் போக வேண்டும். இணைக்கிற படம் முகப்பு மட்டுமாக இருக்கக் கூடாது. பின்சுவர், கூரையின் அடிப்பக்கம், டிக்கெட் ஜன்னலின் கம்பி, கம்பத்து எழுத்து எல்லாம் வேண்டும். கம்பத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள்.