கால்பந்தும் கடுகும் போதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு எட்டு வயது. "சித்தி, சூரியன் எவ்வளவு தூரம்?" என்று நச்சரிப்பான். 15 கோடி கிலோமீட்டர் என்று சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? எனக்கே புரியாது!

ஒரு கால்பந்து, அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொஞ்சம் கடுகு, ரவை எடுத்துக்கொண்டு டர்பன் கடற்கரை நடைபாதைக்குப் போனோம். பந்துதான் சூரியன். அங்கிருந்து 24 மீட்டர் தள்ளி ஒரு கடுகு, அதுதான் பூமி. பெரிய கடுகாகப் பார்த்து எடுங்கள், 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளங்கையில் டேப் ஒட்டி அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள்; எங்களுடைய முதல் பூமி காற்றில் பறந்துவிட்டது. கடுகிலிருந்து 6 சென்டிமீட்டரில் ஒரு ரவைத் துணுக்கு, நிலா. மனிதன் போய் வந்தது அவ்வளவு தூரம்தான். பையன் அதையே வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழன் சின்ன நெல்லிக்காய், 123 மீட்டரில். நெப்டியூனுக்கு 700 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

அப்புறம், "அடுத்த நட்சத்திரம் எங்கே சித்தி?" என்றான். இதே கணக்கில் சுமார் 6,300 கிலோமீட்டர். பந்து டர்பனில் இருந்தால், அது கிட்டத்தட்ட கன்னியாகுமரிப் பக்கம்.