செங்காந்தள் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் வேலியோரத்தில் யாரும் கவனிக்காமலே பூக்கும். அதையே ஆசையாகத் தொட்டியில் வைத்தால் அடுத்த வருடம் காணாமல் போய்விடும். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். காய் முற்றியதும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். செடி வாடுகிறதே என்று அப்போதும் தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். தொட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஆனி, ஆடி வரை மறந்துவிடுவதே நல்லது. தண்ணீர் தேங்கும் களிமண்ணும் ஆகாது.

கிழங்கை உருளைக்கிழங்கு போல நறுக்கி நடுவது அடுத்த தவறு. இரண்டு கிளையாகப் பிரியும் இந்தக் கிழங்கில் முளை கிளம்புவது நுனியில்தான். நுனி ஒடிந்தால் அந்தத் துண்டை நட்டுப் பயனில்லை. அதனால் தோண்டும்போதும் நடும்போதும் பதமாகக் கையாளுங்கள். விதை போட்டும் வளர்க்கலாம், ஆனால் பூவைப் பார்க்க மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும்.

தடித்த கம்பம் நட்டுவிட்டு ஏறவில்லையே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இலை நுனிதான் சுருண்டு பற்றுகிறது. அதற்குக் கம்பியோ கிளுவைக் குச்சியோ போதும்.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பூவின் பெண் பாகமான சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், பூச்சியை மட்டும் நம்பினால் காய் குறையும். காலையில் கையாலேயே மகரந்தத்தை எடுத்துத் தடவிவிடுகிறார்கள். பூ நிறைய இருக்கிறது, காய் தானாக வந்துவிடும் என்று விட்டால் நஷ்டம்தான்.

இதெல்லாம் செடிக்கு வரும் கேடு. ஆளுக்கு வரும் கேடு வேறு. செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கீல்வாத மருந்துக்காக ஆலைகள் விதையை வாங்குவது இதற்காகத்தான். அதைக் கேட்டுவிட்டு ‘மூலிகைதானே’ என்று வீட்டில் கஷாயம் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஆலையில் அளந்து எடுப்பதை அடுப்படியில் அளக்க முடியாது, வேகவைத்தாலும் நஞ்சு போகாது. இலங்கையில் உண்ணும் கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. எனவே விதைக்கிழங்கை சேம்பு, கருணை கிடக்கும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சாப்பாடு சேரவில்லை போலிருக்கிறது என்று மோர் குடித்துப் படுத்துவிடுவதுதான் பெரிய தவறு. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் உள்ளுறுப்புகள் பழுதாகும். இதற்கென்று எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. தின்றது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல், செடியின் ஒரு துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், காய்ந்த கொடியை ஆடு மாடு மேய்கிற இடத்தில் வீசாதீர்கள். அவற்றுக்கும் அதே நஞ்சுதான்.