தோள் நோவா, தோள் இறுக்கமா? வீட்டில் பார்த்தறியும் முறை

வாவியில் வலை வீசுகிறவருக்கும் வெட்டுக் காலத்தில் நெல் மூட்டை தூக்குகிறவருக்கும் தோள் நோவது வழமை. பெரும்பாலும் அது தசைநார் நோவு. பாரம் தூக்குவதைக் குறைத்தால் சில வாரங்களில் தணியத் தொடங்கும். கிளினிக்கில் ‘ஃப்ரோசன் சோல்டர்’ என்று சொல்லும் தோள் இறுக்கம் வேறு. மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்துச் சுருங்கிவிடும். அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாத இராத்திரி நோவு இரண்டிலும் உண்டு. அதனால் நோவை வைத்துப் பிரிக்க முடியாது, அசைவைத்தான் பார்க்க வேண்டும்.

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். இரண்டு முழங்கைகளையும் 90 பாகை மடித்து விலாவோடு ஒட்டி வையுங்கள். இடையில் மடித்த சிறு துவாய் ஒன்றைச் செருகினால் முழங்கை விலகும்போது அது விழுந்து காட்டிக்கொடுக்கும். பெருவிரல் மேலே பார்க்கட்டும். இப்போது கதவு திறப்பதுபோல் இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கம் திருப்புங்கள். அடுத்து, நோகும் கையைத் தளரவிட்டு, வீட்டில் ஒருவரை முழங்கையையும் மணிக்கட்டையும் பிடித்து மெதுவாக வெளியே திருப்பச் சொல்லுங்கள். நோவு கூடினால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

மற்றவர் திருப்பியும் கை பாதியில் இறுகி நின்று, நல்ல கையைவிட வெகுவாகக் குறைந்தால் தோள் இறுக்கம் என்று சந்தேகிக்கலாம். தானாக முடியாத கை மற்றவர் திருப்பும்போது முழுதாகப் போனால் தசைநார் பக்கம் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 பாகை வரை நொந்து, மேலே போனதும் இலேசாவதும் தசைநார் நோவின் அடையாளம்.

இடுப்பைத் திருப்பிவிட்டு கை திரும்பியதாக நினைப்பதும், தோள்பட்டையை உயர்த்திக் கை தூக்கியதாக நினைப்பதும்தான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. தொடக்கத்தில் நோவுக்குப் பயந்தே கை இறுகி நிற்கும். அப்படியானால் 2 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தேய்மானமும் மூட்டு விலகலும் இதேபோல் திருப்பத்தைத் தடுக்கும் என்பதால் எக்ஸ்ரே அவசியம். வெறும் தோள் இறுக்கத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே வரும்.

40 முதல் 60 வயதுப் பெண்களுக்கும், தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும், கையை நெடுநாள் கட்டிவைத்திருந்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல், மாறுவதும் மெதுவாக. சீனி பார்க்காதவர்கள் இந்தச் சாக்கிலாவது பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து எண்ணெய் போட்டு இழுத்து முறுக்க விடாதீர்கள். அழற்சி உள்ள உறையைப் பலாத்காரமாக இழுத்தால் நோவு கூடும், எலும்பு பலவீனமானவர்களுக்கு முறிவும் வரலாம். முன்குனிந்து கையைத் தொங்கவிட்டு, நோகாத அளவில் சிறு வட்டமாக 10 முறை ஆட்டுவது போதும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, அம்பாறை, கல்முனை அரச வைத்தியசாலைகளிலோ காட்டலாம். தொடக்க மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீரோயிட் ஊசி நோவை நன்றாகக் குறைக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சீனி ஏறும், அளந்துகொள்ளுங்கள். முழுதாக மாற 1 முதல் 3 வருடம் எடுக்கலாம்.

இடது தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலோடு மூட்டு சூடாகிச் சிவந்தாலும், விழுந்தபின் தோளின் வடிவம் மாறினாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.