புது வீட்டில் ஏசி குழாய்களுக்கு வழி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கட்டும் வீட்டில் ஸ்பிளிட் ஏசியின் குழாய்களைச் சுவருக்குள் மறைத்துவிட வேண்டும் என்றே பலரும் விரும்புகிறார்கள். ஆனால் மறைத்த குழாயில் நேரும் பிழையைத் திருத்த, பூசி வண்ணம் அடித்த சுவரையே மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே, எலெக்ட்ரீஷியன் காடி (குழாய் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) எடுக்கும்போது போகிற போக்கில் முடிவு செய்துகொள்ளும் வேலையாக இதை விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, காப்பர் குழாயை மட்டும் மனத்தில் வைத்து வழி போடுவதுதான். குளிர்பதன வாயு கம்ப்ரசரின் அழுத்தத்தால் ஓடுவதால், குழாய் ஓரளவு மேலேறினாலும் வளைந்தாலும் அதற்குத் தடையில்லை. இன்டோர் யூனிட்டில் சேரும் தண்ணீருக்கு அப்படி உந்தும் விசை எதுவும் கிடையாது. அது தானாகவே வடிந்தாக வேண்டும். எனவே முதலில் வரைய வேண்டியது டிரெயின் குழாயின் வழியைத்தான். மீட்டருக்குக் குறைந்தது 1 செ.மீ. வாட்டம் (சரிவு) வேண்டும் என்று கணக்கிட்டால், 6 மீட்டர் தள்ளி வெளியேறும் குழாய் 6 செ.மீ. கீழிறங்கியிருக்க வேண்டும், இடையில் ஓரிடத்தில்கூட அது மேலேறக் கூடாது. பீமுக்கு அடியில் நுழைவதற்காக இறக்கி மறுபுறம் ஏற்றிய டிரெயினில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து, ஒரு நாள் கட்டில் மேல் சொட்டத் தொடங்கும். காடியை மூடுவதற்கு முன் இன்டோர் முனையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் தடையின்றி வெளியேறுகிறதா என்று நீங்களே நின்று பார்ப்பது நல்லது. அருகில் இருக்கிறதே என்று குளியலறைக் கழிவுக் குழாயில் நேரடியாக இணைத்துவிட்டால், சாக்கடை நாற்றம் அதே டிரெயின் வழியாகப் படுக்கையறைக்கு வந்து சேரும்.

அடுத்தது சுவரின் வலிமை. பாரம் தாங்கும் செங்கல் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 1905 என்ற இந்தியத் தரநிலை. 9 அங்குலச் சுவரில் இது முறையே ஏறத்தாழ 3 அங்குலமும் ஒன்றரை அங்குலமும் ஆகும். அரை அங்குலக் காப்பர் குழாய்க்கு 13 மி.மீ. தடிமனில் இன்சுலேஷன் சுற்றினாலே அதன் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் ஆகிவிடுவதால், அதை மூடும் பூச்சுக்குக் கிடைமட்டக் காடிக்குள் இடமே இருக்காது. ஆகவே குழாயைச் செங்குத்தாக இறக்கி, குறுக்கே செல்லும் பகுதியை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ வெளிச்சுவரிலோ கொண்டுபோவதே முறை. நாலரை அங்குலச் சுவரில் இந்த வேலையே வேண்டாம். பீமைக் கடக்க வேண்டியிருந்தால், கட்டுமானப் பொறியாளர் காட்டும் இடத்தில் கான்கிரீட் போடுவதற்கு முன்பே பிவிசி ஸ்லீவ் (குழாய் நுழைவதற்கான உறைக்குழாய்) வைக்க வேண்டும். பிறகு துளைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் கம்பிதான் அறுபடும்.

காடியில் இடம் போதவில்லை என்று இரண்டு காப்பர் குழாய்களில் தடித்த குழாய்க்கு மட்டும் இன்சுலேஷன் போடுவதும், இரண்டையும் சேர்த்து ஒரே உறைக்குள் திணிப்பதும் உண்டு. வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம் அவுட்டோர் யூனிட்டிலேயே இருப்பதால், ஏசி ஓடும்போது மெல்லிய குழாயும் குளிர்ந்துதான் இருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அந்தக் குழாய் வியர்த்து, ஆறு மாதத்தில் சுவரில் ஈரத்திட்டு தெரியும். ஊட்டி, கொடைக்கானலில் சூடும் தரும் ஹீட் பம்ப் மாடலை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சூடாக்கும்போது தண்ணீர் வடிவது அவுட்டோர் யூனிட்டில் என்பதால், அதற்கும் வடிகால் தேவை.

மாடலை முடிவு செய்யாமல் குழாயைப் புதைப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒன்றரை டன் ஏசிக்குக் கால் அங்குலமும் அரை அங்குலமும் என்று நினைத்துப் புதைத்த பிறகு, வாங்கும் இரண்டு டன் மாடல் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஐந்தெட்டு அங்குலக் குழாயைக் கேட்கலாம். குறைந்தபட்ச, அதிகபட்ச நீளமும் உயர வித்தியாசமும் மாடலுக்கு மாடல் மாறும். குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மீட்டர் கணக்கில் கூடுதல் கேஸ் ஏற்ற வேண்டும். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில் என்றால் இவற்றைக் கையேட்டில் பார்த்துவிட்டே காடி எடுக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பவர் நிற்க இடமில்லாத உச்சிச் சுவரில் அதை மாட்டுவதைவிடச் சில மீட்டர் கூடுதல் குழாயே மேல்.

சுவருக்குள் ஃபிளேர் இணைப்பு (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு) எதுவும் இருக்கக் கூடாது. முடிந்தவரை ஒரே துண்டுக் குழாயாக ஓடட்டும். புதைத்த உடனே நைட்ரஜன் ஏற்றி ஒரு நாளாவது அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தபின் பூசச் சொல்லுங்கள். ஏசி வாங்கப் பல மாதம் ஆகும் வீடுகளில் குழாயின் முனைகளைத் திறந்து விடுவதும், டேப் மட்டும் சுற்றி வைப்பதும் சிமென்ட் தூசுக்கும் ஈரத்துக்கும் வழிவிடுவதாகும். முனைகளை நசுக்கிப் பற்றவைத்து, உள்ளே கொஞ்சம் நைட்ரஜனை விட்டுவைத்தால், மாட்ட வரும் நாளில் முனையை வெட்டும்போது எழும் சீறலைக் கேட்டே குழாய் ஓட்டையில்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.