கோ ஆட்டத்தில் கோமி: எங்கே கணக்கு தப்புகிறது?

பலகையில் காய் வைத்து இடம் வளைக்கும் கோ ஆட்டத்தில் கறுப்புதான் முதலில் காய் வைக்கும். அந்தச் சாதகத்துக்கு ஈடாக வெள்ளைக்குத் தரும் புள்ளிகள் கோமி. ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனாவில் 7.5. இதைப் பார்த்ததும், சீனர்கள் வெள்ளைக்கு ஒரு புள்ளி அதிகம் தருகிறார்கள் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி ஒப்பிடவே கூடாது. எண்ணும் முறையே வேறு.

ஜப்பானிய முறையில் வளைத்த காலி இடமும் பிடித்த காய்களும் கணக்கு. சீன முறையில் வளைத்த இடத்தோடு, பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் காய்களையும் எண்ணுவார்கள். பலகையில் கோடுகள் வெட்டும் சந்திப்புகள், அதாவது காய் வைக்கும் இடங்கள், மொத்தம் 361, ஒற்றைப்படை. கறுப்புக்கு 184 என்றால் வெள்ளைக்கு 177, வித்தியாசம் 7. கறுப்பு இன்னொன்றைப் பிடித்தால் 185-க்கு 176, வித்தியாசம் 9. சில வகை சேகி (இரு தரப்பும் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நிற்கும் நிலை) வந்தால் தவிர, நடுவில் 8 வராது. அதனால் சீன முறையில் கோமி 5.5 ஆனாலும் 6.5 ஆனாலும் கறுப்புக்குத் தேவை அதே 7 புள்ளி முன்னிலைதான். 2002-இல் ஜப்பான் 5.5-ஐ 6.5 ஆக்கியது. சீனாவிலும் அப்படியே ஒரு புள்ளி ஏற்றியிருந்தால் ஏறக்குறைய எதுவும் மாறியிருக்காது, 5.5-இலிருந்து நேராக 7.5-க்குத்தான் போக வேண்டும். உங்கள் போட்டிக்குக் கோமி முடிவு செய்யும்போது எண்ணும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்.

அந்த அரைப் புள்ளியில் நியாயம் எதையும் தேடாதீர்கள். சமநிலை வராமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. சமநிலையை ஏற்கும் நியூசிலாந்து விதிகளில் கோமி முழுசாக 7. காட்டாகோ போன்ற வலுவான கணினி நிரல்களும் சீன முறைக்கு அந்த 7-ஐத்தான் காட்டுகின்றன.

பலகை சின்னதானால் கோமியும் குறையும் என்று நினைப்பதும் தவறு. 7-க்கு 7 பலகையில் வலுவான ஆட்டக்காரர்களின் ஆய்வு சொல்வது 9. 5-க்கு 5 பலகையிலோ கறுப்பு 25 இடங்களையும் பிடித்துவிடும். இது 2002-இல் கணினியால் நிரூபிக்கப்பட்டது.

புதியவர்கள் முப்பது, நாற்பது புள்ளியில் தோற்று ஜெயிக்கும் ஆட்டங்களை வைத்து கோமி சரியா என்று அளக்க வேண்டாம். அதில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் ஹேண்டிகேப், அதாவது வலுக்குறைந்தவருக்குத் தொடக்கத்திலேயே தரும் காய்ச் சலுகை. கோமி 7 என்றால் முதல் காயின் மதிப்பும் 7 என்று கொள்கிறார்கள். உண்மையில் அது சுமார் 14. கறுப்பு ஒரு காய் வைத்ததும் அடுத்த முறை வெள்ளையுடையது, அதனால் ஈடு பாதிதான். ஆகவே கோமியை எடுத்துவிட்டால் கறுப்புக்குக் கிடைப்பது அரைக் காய் சலுகை. இரண்டு காய் ஹேண்டிகேப் கொடுத்துக் கோமியையும் எடுத்துவிட்டால், அது ஒன்றரைக் காய்.