‘ஃபியர்’ (fear) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் வண்டியைத் திருப்பும்போது எதிரே திடீரென்று பஸ் முளைக்கிறது, வயிறு கலங்குகிறது. இன்றைய ‘ஃபியர்’ அந்தக் கலக்கம். பழைய ஆங்கிலத்தில் (ஏறக்குறைய கி.பி. 1100 வரை) அது அந்த பஸ்: சட்டென்று வந்து விழும் ஆபத்து. வகுப்பில் இந்த வளைவிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் பழைய வடிவத்தைப் பிடியுங்கள்: ‘ஃபேர்’. ‘பேங்க்’ என்னும்போது வரும் உயிரொலியை நீட்டிச் சொன்னால் ஏறக்குறையச் சரியாக வரும். நீட்டுவது முக்கியம். குறிலாகச் சொன்னால் ‘பயணம்’ என்று பொருள்படும் வேறு சொல். கையெழுத்துப் படிகளில் நெடில் குறி பெரும்பாலும் இருக்காது, பதிப்பாசிரியர்கள் போடுவதுதான். பாஸ்வொர்த்–டாலர் பழைய ஆங்கில அகராதியில் (1898) உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கூட்டுச் சொற்கள். பொருள் அங்கேதான் வெளிப்படும். ‘ஃபேர்டெயத்’ திடீர்ச் சாவு, ‘ஃபேர்லீச்செ’ திடீரென்று. மனம் நடுங்குவதற்கு ‘ஃபிர்ஹ்டு’ (இன்றைய ‘ஃப்ரைட்’), ‘எயெ’ என்று தனிச் சொற்கள் இருந்தன. ‘ஃபியர்’ உள்ளே புகுந்து உணர்வானது அதற்கு அடுத்த நடு ஆங்கிலக் காலத்தில். ஜெர்மனில் இனச்சொல்லான ‘கெஃபார்’ இன்றும் ஆபத்துதான்.

பலர் சறுக்குவது இனிமேல்தான். ‘பீதி’, ‘பயம்’ இரண்டும் ‘ஃபியர்’ மாதிரியே ஒலிக்கின்றன; உடனே உறவு கட்டிவிடுகிறார்கள். கிரிம் விதியை வைத்துச் சோதியுங்கள்; ஒரே மூலமொழியின் மெய்யொலிகள் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் எப்படி ஒழுங்காக மாறின என்று சொல்லும் விதி அது. வடமொழியில் ‘ப’கரம் (p) இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ (f) இருக்கும்: ‘பிதர்’, ‘ஃபாதர்’. மூச்சு கலந்த ‘ப’கரம் (bh) இருக்கும் இடத்திலோ ஆங்கிலத்தில் அழுத்திய ‘ப’ (b) இருக்கும்: ‘ப்ராதர்’, ‘பிரதர்’. ‘பயம்’ இரண்டாம் வகை. அதன் பழைய ஆங்கில உறவு ‘பிஃபியன்’, நடுங்குதல். ‘ஃபியர்’ முதல் வகை; லத்தீன் ‘பெரிகுலும்’ வழி வந்த ‘பெரில்’ (ஆபத்து)தான் அதற்குச் சொந்தம்.

வெளியே இருப்பதும் உள்ளே எழுவதும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வது நமக்கும் புதிதல்ல. ‘உரும்’ என்றால் இடி. தொல்காப்பிய உரியியல் அதே சொல்லை ‘பேம்’, ‘நாம்’ ஆகியவற்றோடு சேர்த்து அச்சம் என்கிறது.