கேமரா எங்கே நின்றது? ராட்சத வேட்டை நிகழ்ச்சிகளைச் சோதித்துப் பார்க்கும் முறை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ‘மவுண்டன் மான்ஸ்டர்ஸ்’ தொடரில், மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் ஆறு பேர் அப்பலாச்சிய மலைக்காடுகளில் பிக்ஃபுட் (வட அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும், உடலெல்லாம் ரோமம் அடர்ந்த குரங்கு மனிதன்), ஓநாய் மனிதன் போன்ற உருவங்களைத் தேடி இரவில் அலைகிறார்கள். மரங்களை வெட்டி ஆளுயரப் பொறிகளைக் கட்டுகிறார்கள். அப்படியோர் உருவத்தைப் பிடித்துக் காட்டியபாடுதான் இல்லை. அதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய ‘ஃபைண்டிங் பிக்ஃபுட்’ தொடரும் ஒரு பிக்ஃபுட்டைக்கூடக் கண்டுபிடிக்காமல் 2018இல் முடிந்தது. இவற்றைப் பார்த்து “இதெல்லாம் நிஜந்தானா?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அப்படியொரு விலங்கு இருக்கிறதா, இல்லையா என்ற வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் காட்சியை எப்படிப் படம்பிடித்திருப்பார்கள் என்று கேட்கத் தொடங்கினால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கேமராவைத் தேடுங்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு: இருட்டில் ஒருவர் “அதோ, அங்கே!” என்று கத்திவிட்டுப் புதருக்குள் பாய்கிறார், அடுத்த நொடியே அவர் நம்மை நோக்கி ஓடிவருவதும், மூச்சிரைக்கும் முகமும் நேருக்கு நேர் தெரிகின்றன. இந்த இடத்தில் நிறுத்திப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அவருக்கு முன்னால், ராட்சதன் நிற்பதாகச் சொல்லப்படும் பக்கத்திலேயே, கேமராவைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் ஏற்கெனவே நின்றிருக்கிறார். அவருக்குப் பயமில்லை, திரும்பி அந்த மிருகத்தைப் படமெடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரே ஓட்டம் பின்னாலிருந்தும், பக்கவாட்டிலிருந்தும், முன்னாலிருந்தும் காட்டப்பட்டால், அதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடச்சொல்லி எடுத்திருக்க வேண்டும். அல்லது எந்த வழியாக ஓடுவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, அதே பகுதியை ஒலியை அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஒருமுறை நான் அப்படிப் பார்த்தபோது, முதல் தடவை முதுகைச் சில்லிட வைத்த மூன்று நிமிடங்களில் மிஞ்சியது, நான்கு பேர் டார்ச்சை அசைத்தபடி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமே. உறுமலையும் கிளை முறியும் ஓசையையும் எடிட்டிங் மேசையில் சேர்ப்பது எளிது. பேச்சையும் கவனிக்க வேண்டும்: பேசுகிறவரின் முகம் மறைந்து, மரமோ வேறொருவரின் முகமோ திரையில் தெரியும்போது அவரது குரல் மட்டும் தொடர்ந்தால், வெவ்வேறு நேரத்தில் சொன்ன சொற்களை ஒட்டி ஒரே வாக்கியமாக்க அந்த மறைவு வசதியாக இருக்கும். இந்த ஒட்டுவேலைக்குத் தொலைக்காட்சித் துறையில் ‘ஃபிராங்கன்பைட்’ என்று தொழில்பெயரே உண்டு.

தெர்மல் கேமராவில் தெரியும் வெள்ளை உருவத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. அந்தக் கருவி மேற்பரப்பின் வெப்பத்தைக் காட்டுகிறது. அருகில் அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லாவிட்டால் உருவத்தின் உயரத்தையோ தூரத்தையோ நாம் கணிக்க முடியாது. நேராக நம்மைப் பார்த்து நிற்கும் மான்கூட இரண்டு காலில் நிற்பதுபோல் தோன்றும். மின்னும் கண்களில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மான், கரடி, ரக்கூன் ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. மனிதர்களுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது கிடையாது. ஆகவே பிக்ஃபுட் குரங்கினத்தைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே, டார்ச் வெளிச்சத்தில் ஒளிரும் கண்களையும் சான்றாகக் காட்டுகிறவர் தன் வாதத்தைத் தானே கவிழ்த்துக்கொள்கிறார்.

முடியோ காலடித் தடமோ கிடைத்ததாகச் சொன்னால், பரிசோதனை முடிவு நிகழ்ச்சிக்குள் திரும்பி வருகிறதா என்று பின்தொடருங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சே மறைந்துபோகும். வெளியே நடந்த சோதனைகளின் முடிவுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பிக்ஃபுட்டுடையது என்று 1976இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட முடி மானுடையது என்று தெரியவந்தது. மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், மர்ம விலங்குகளுடையவை எனப்பட்ட முடிகள் கரடி, குதிரை, மாடு போன்ற தெரிந்த விலங்குகளுடையவையாகவே இருந்தன. கலிஃபோர்னியாவில் 1958இல் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரைப் பிரபலமாக்கிய காலடித் தடங்களைப் பொறுத்தவரை, அங்கே சாலைப் பணி ஒப்பந்தக்காரராக இருந்த ரே வாலஸ் 2002இல் இறந்த பிறகு, அவை அவர் மரக்கால்களைக் கொண்டு பதித்தவை என்று அவருடைய குடும்பத்தினர் தெரிவித்தார்கள்.

கடைசி எழுத்துகள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள்; அங்கே நிறுத்திப் படியுங்கள். அனிமல் பிளானட் தொலைக்காட்சி 2012இல் கடற்கன்னிகளைப் பற்றி ஒளிபரப்பிய படத்தில் ‘விஞ்ஞானிகளாக’ வந்தவர்கள் நடிகர்கள். அதைப் பார்த்தவர்களின் கேள்விகளுக்குப் பிறகு, கடற்கன்னிகள் இருப்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை என்று அமெரிக்க அரசின் கடல் மற்றும் வளிமண்டல அமைப்பே எழுத வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு டிஸ்கவரி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மெகலோடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று இதே பாணியில் காட்டியது. சில சம்பவங்கள் நாடகமாக்கப்பட்டவை என்ற அறிவிப்பு நொடிப்பொழுதில் கடந்துபோனது. இப்படிச் செய்ய முடிகிறதே, சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். 1950களின் வினாடிவினா மோசடிகளுக்குப் பிறகு, 1960இல் போட்டி நிகழ்ச்சிகளின் முடிவைத் திட்டமிட்டு மாற்றுவது அமெரிக்காவில் குற்றமாக்கப்பட்டது. பரிசுப் போட்டியாக இல்லாத ராட்சத வேட்டை அந்த வரையறைக்குள் வராது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாற்று உதாரணமும் வேண்டும். தூண்டில்காரர் ஜெரமி வேட் ஆறுகளில் ராட்சத மீன்களைத் தேடிப்போகும் ‘ரிவர் மான்ஸ்டர்ஸ்’ தொடர் 2009 முதல் 2017 வரை ஓடியது. இந்திய-நேபாள எல்லையில் ஓடும் காளி நதியில் அவர் ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள கூன்ச் கெளுத்தியைப் பிடித்தார். அந்த மீனை நாம் முழுதாகப் பார்க்கிறோம். பக்கத்தில் மனிதர் இருப்பதால் அதன் அளவும் புரிகிறது. ஆனால் ஆற்றில் குளித்தவர்களை இழுத்துச் சென்றது அந்த மீன்தான் என்பதும், கரையோரச் சிதைகளிலிருந்து ஆற்றில் சேரும் உடல்களைத் தின்று அது மனித மாமிசத்துக்குப் பழகியது என்பதும் நிகழ்ச்சி முன்வைக்கும் ஊகங்கள். தாக்குதலைப் படமெடுத்தவர் யாரும் இல்லை. மீனுக்கு ஒரு மதிப்பெண்ணும், கதைக்கு வேறொரு மதிப்பெண்ணும் தனித்தனியாகவே போட வேண்டியிருக்கிறது.